கடல் வாசலும் காவல் கப்பலும்



முதலில் ஒரு உண்மையை ஒப்புக்கொண்டு விடுகிறேன். சென்ற ஆண்டு நம் தமிழ் மன்றப் பேச்சுப் போட்டியில் 'கடல் வழிகளைக் காப்பது படைபலமே' என்று ஐந்து நிமிடம் முழங்கி முதல் பரிசு வாங்கியவன் நான்தான். 'அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவ மாட்டான்' என்ற பழமொழியில் ஆரம்பித்து, விமானம் தாங்கிக் கப்பல், நீர்மூழ்கி, ஏவுகணை என்று அடுக்கி, 'நம் கடற்படை கண்ணை உருட்டினால் போதும், பகைவன் கால் நடுங்கும்' என்று முடித்தேன். கைதட்டல் பலமாக இருந்தது. பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் டிபன் கேரியரில்தான் அம்மா இன்றைக்கும் உப்பளத்துக்குச் சோறு கொண்டு போகிறார்கள்.

அந்தப் பேச்சை இன்று நானே மறுத்து எழுத வந்திருக்கிறேன். முழுவதையும் அல்ல, பாதியை. எந்தப் பாதி என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

காரணம் என் அப்பா. அவர் தோணியில் போகிறவர். தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் வெங்காயமும் சிமெண்டும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகும் மரத் தோணிகளை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதில் ஒன்றில் இருபது வயதுக்கு முன்பே ஏறியவர். பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பைத் தாண்டாதவர். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். பரிசோடு வீட்டுக்குப் போய், பேசியதை அப்படியே ஒரு முறை அப்பாவுக்குப் பேசிக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"நல்லாத்தாம்ல பேசியிருக்க. ஆனா ஒண்ணு கேக்கேன். உன் போர்க்கப்பலு ஒரு நாள் நிக்கும், ஒரு மாசம் நிக்கும். தண்ணியில பொழைக்கிறவன் தெனமும் அங்கதான நிப்பான்? அவன் மனசு வச்சாத்தாம்ல அது வழி."

எனக்குப் பதில் தெரியவில்லை. பரிசு வாங்கியவனுக்குப் பதில் தெரியவில்லை என்றால் வெட்கம்தானே! அன்றிலிருந்து நூலகத்திலும், செய்தித்தாளிலும், அப்பாவின் தோழர்களிடமும் தேடியதை உங்கள் முன் வைக்கிறேன்.

நம் வாசல்

ஜலசந்தி என்றால் இரண்டு நிலங்களுக்கு நடுவே உள்ள கடல் இடுக்கு. வீட்டுக்கு வாசல் மாதிரி கடலுக்கு அது. ஹோர்முஸ், பாப் எல் மண்டப், மலாக்கா என்று செய்தியில் கேட்கிறோம். ஆனால் நம் வீட்டு வாசலிலேயே ஒன்று இருப்பதை மறந்துவிடுகிறோம். மன்னார் வளைகுடாவில் நாம். வடக்கே பாக் நீரிணை. நடுவில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் மணல் திட்டுகள். அங்கே தண்ணீர் ஆழம் மிகக் குறைவு. அதனால்தான் தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் போகும் பெரிய கப்பல், பக்கத்து ஊருக்குப் போக உலகம் சுற்றுவது போல, இலங்கையையே சுற்றிக்கொண்டு போகிறது.

இதற்கு வழி வெட்ட வேண்டும் என்று 1860-லேயே டெய்லர் என்ற கடற்படை அதிகாரி யோசனை சொன்னார். 2005 ஜூலை 2-ல் மதுரையில் சேது சமுத்திரத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. 167 கிலோமீட்டர் நீளம், 12 மீட்டர் ஆழம் என்பது திட்டம். 2007-ல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு வந்து, பாலம் பகுதியில் வேலை நின்றது. வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். இந்த வாசலை இதுவரை அடைத்தது எந்தப் போர்க்கப்பலும் இல்லை. முதலில் மணல், பிறகு மனிதர்களின் கருத்து வேறுபாடு.

நம் கரைக்குப் படை வந்த கதையும் நீளமானது. 1538-ல் மண்டபம் பக்கத்து வேதாளையில் போர்ச்சுக்கீசியர் கோழிக்கோடு சாமூதிரியின் கப்பல் படையைத் தோற்கடித்தார்கள். முத்துக் கடல் அவர்கள் கைக்கு வந்தது. 1658-ல் தூத்துக்குடியை டச்சுக்காரர் பிடித்தார்கள். 1825-ல் அது ஆங்கிலேயர் கைக்கு நிரந்தரமாகப் போனது. ஒவ்வொருவரும் பீரங்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொருவரும் 'இனி இது எங்கள் கடல்' என்றுதான் நினைத்திருப்பார்கள். பீரங்கிகள் போய்விட்டன. முத்துக்குளித்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம் இங்கேயேதான் இருக்கிறோம்!

வ.உ.சி.யின் கதையும் இதில் வரும். 1906-ல் சுதேசி கப்பல் கம்பெனி. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நம்மவர் கப்பல். அதை ஆங்கிலேயர் குண்டு போட்டா மூழ்கடித்தார்கள்? இல்லையே! கட்டணத்தைக் குறைத்தார்கள். பிறகு இலவசமாகவே ஏற்றிக்கொள்கிறோம் என்றார்கள். 1908-ல் வ.உ.சி.யைக் கைது செய்து, ராஜத்துரோக வழக்குப் போட்டு ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். 1911-க்குள் கம்பெனி கலைக்கப்பட்டுவிட்டது. கடல் வழியை அடைக்கவும் திறக்கவும் பீரங்கி தவிர வேறு சாவிகளும் உண்டு என்று அன்றைக்கே நம் ஊர் பார்த்துவிட்டது.

'அவன் எம்டன்லே!'

நம் பக்கத்தில் ஒருவன் பலே கெட்டிக்காரன் என்றால் 'அவன் எம்டன்லே' என்பார்கள். 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த ஜெர்மன் கப்பலின் பெயர் அது. அன்று உலகத்திலேயே பெரிய கடற்படை பிரிட்டனுடையது. அந்தப் படையின் பெயரைக் கேட்டாலே யாரும் வாலாட்ட மாட்டார்கள் என்பதுதான் கணக்கு. ஆனால் ஒரே ஒரு கப்பல், வங்காள விரிகுடாவில் புகுந்து வியாபாரத்தையே ஸ்தம்பிக்க வைத்தது. 1914 நவம்பர் 9-ல் கோகோஸ் தீவில் ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' கப்பல் அதைப் பிடித்தது உண்மை. ஆனால் அதுவரை?

அடுத்த வருஷமே இன்னொரு பாடம். துருக்கியின் தார்தனெல்ஸ் ஜலசந்தியை உடைத்துக்கொண்டு போய்விடலாம் என்று பிரிட்டனும் பிரான்சும் பெரிய பெரிய போர்க்கப்பல்களை அனுப்பின. 1915 மார்ச் 18 அன்று ஒரே நாளில் மூன்று போர்க்கப்பல்கள் மூழ்கின. காரணம், ஒரு சின்னத் துருக்கிக் கப்பல் பத்து நாள் முன்பு இரவோடு இரவாகப் போட்டுவிட்டுப் போன கடல் கண்ணி வெடிகள்.

பிறகு அந்த ஜலசந்திக்கு ஒழுங்கு எப்படி வந்தது? 1936-ல் மோந்த்ரே என்ற ஊரில் கையெழுத்தான ஒப்பந்தத்தால். வியாபாரக் கப்பல் எப்படிப் போகலாம், போர்க்கப்பல் எப்போது போகலாம் என்று அதில் எழுதினார்கள். 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் துருக்கி அந்த ஒப்பந்தத்தைக் காட்டித்தான் போர்க்கப்பல்களுக்கு வழியை மூடியது. 1915-ல் பெரும் படையால் முடியாத ஒரு ஒழுங்கை ஒரு காகிதம் இத்தனை ஆண்டுகளாகத் தாங்கி நிற்கிறது. ஏன்? கரையில் இருக்கிறவனும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

யார் பயப்படுவான், யார் பயப்பட மாட்டான்?

'அடிப்பேன் என்று காட்டியே அடக்குவது' என்பதுதான் நான் மேடையில் புகழ்ந்த தத்துவம். அது வேலை செய்யுமா, செய்யாதா? என் சிற்றறிவுக்கு எட்டியவரை, மூன்று விஷயம் பொருந்தினால் வேலை செய்யும். ஒன்று, எதிராளிக்கு இழப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும். இரண்டு, நாம் உண்மையிலேயே அடிப்போம் என்று அவன் நம்ப வேண்டும். மூன்று, அந்தக் காரியத்தை விட்டுவிட்டால் பிழைக்க அவனுக்கு வேறு வழி இருக்க வேண்டும்.

கடல் கொள்ளைக்காரனிடம் இது நன்றாக வேலை செய்யும். அவன் லாபக் கணக்குப் பார்க்கிறவன். 2024 மார்ச் 16-ல் 'ரூயன்' என்ற கப்பலைச் சோமாலியக் கொள்ளையரிடமிருந்து நம் இந்தியக் கடற்படை மீட்டது. சுமார் 40 மணி நேர நடவடிக்கை. 35 கொள்ளையர் சரண். 17 மாலுமிகளும் உயிரோடு மீட்பு. இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அதனால்தான் என் பேச்சில் பாதியை மட்டும் மறுக்கிறேன் என்றேன். காவல் கப்பல் வேண்டாம் என்று சொல்கிறவன் கடலுக்குப் போகாதவன்.

ஆனால் அதே காலத்தில் செங்கடலில் நடந்ததைப் பாருங்கள். 2023 நவம்பர் 19-ல் ஏமனின் ஹூதிப் படையினர் 'கேலக்ஸி லீடர்' கப்பலைப் பிடித்தார்கள். டிசம்பரில் அமெரிக்கா பல நாடுகளைச் சேர்த்துக் காவல் படை அமைத்தது. 2024 ஜனவரியிலிருந்து அமெரிக்காவும் பிரிட்டனும் ஏமன் மீது குண்டு வீசின. கப்பல்களைத் தாக்குவது நின்றதா? 2024 மார்ச் 6-ல் 'ட்ரூ கான்ஃபிடன்ஸ்' கப்பலில் ஏவுகணை விழுந்து மூன்று மாலுமிகள் இறந்தார்கள். உயிர் பிழைத்தவர்களைத் தூக்கி வந்தது நம் ஐ.என்.எஸ். கொல்கத்தா. அதற்கும் ஒரு வருஷத்துக்கு மேலாகி, 2025 ஜூலையில் 'மேஜிக் சீஸ்', 'எடர்னிட்டி சி' என்று இரண்டு கப்பல்கள் அடுத்தடுத்து மூழ்கடிக்கப்பட்டன.

எங்கள் தெரு அண்ணன் ஒருவர் அந்த வழியாகப் போகும் சரக்குக் கப்பலில் இருந்தார். 2024 தொடக்கத்தில் ஒன்பது நாள் போன் இல்லை. அவருடைய அம்மா தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து, "தம்பி, நெட்டுல ஏதாச்சும் போட்டிருக்கானால?" என்று என்னிடம் கேட்பார்கள். நான் என்ன சொல்ல? 'அங்கே பெரிய பெரிய போர்க்கப்பல் நிக்குது பெரியம்மா, பயப்படாதீங்க' என்றேன். அதே மேடைப் பேச்சுதான். பெரியம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பத்தாம் நாள் அண்ணன் போன் செய்தார். கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகிறதாம்!

இதில்தான் விஷயம் இருக்கிறது. அந்தக் கப்பலை யாரும் தாக்கவில்லை. ஆனாலும் அது வழியை மாற்றிக்கொண்டது. ஏனென்றால் ஜலசந்தி திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று முடிவு செய்வது கடற்படைத் தளபதி மட்டும் அல்ல. கப்பல் முதலாளி, இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர், மாலுமியின் வீட்டுக்காரி, எல்லோரும்தான். போர் ஆபத்துக்கான இன்சூரன்ஸ் கட்டணம் கப்பல் மதிப்பில் கிட்டத்தட்ட 1 சதவீதம் வரை ஏறியது. நன்னம்பிக்கை முனை வழியாகச் சுற்றினால் பத்து நாள், இரண்டு வாரம் அதிகம். திருப்பூர், கரூர் துணி நம் துறைமுகம் வழியாகத்தானே ஐரோப்பாவுக்குப் போகிறது? ஏமன் மலையில் இருந்த ஒருவன் விட்ட டிரோன், நம் ஊர் லாரி ஷெட் வரைக்கும் வாடகையை உலுக்கியது.

எங்கள் தாத்தா சங்கு குளிக்கிறவர். வாலிபத்தில் முத்துக்குளிப்பையும் பார்த்தவர். கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. பழைய காலத்தில் முத்துக்குளிப்பு நடந்தால் 'கடல்கட்டி' என்று ஒருவர் கரையில் இருந்து மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுவாராம். அவர் இல்லாமல் ஒருவனும் தண்ணீரில் இறங்க மாட்டானாம். வெள்ளைக்கார அரசாங்கமே அவருக்குப் பங்கு கொடுத்து வைத்திருந்தது! சுறா மந்திரத்துக்குப் பயந்ததோ இல்லையோ, குளிக்கிறவனுக்குத் தைரியம் வந்தது. வேலை நடந்தது. கடலைத் திறப்பது இறங்குகிறவனின் தைரியம்தான். செங்கடலில் அத்தனை போர்க்கப்பல் நின்றும் அந்தத் தைரியத்தை மட்டும் உண்டாக்க முடியவில்லை.

ஹோர்முஸில் சிந்திய நம் ரத்தம்

ஹோர்முஸ் ஜலசந்தி என்றால் எண்ணெய், அமெரிக்கா, ஈரான் என்றுதான் நமக்கு நினைவு வரும். 2024-ல் நாளொன்றுக்குச் சுமார் 2 கோடி பீப்பாய் எண்ணெய் அந்த வழியாகப் போனது. 1980-களில் ஈரான், ஈராக் போரின்போது அங்கே எண்ணெய்க் கப்பல்களைத் தாக்கினார்கள். அமெரிக்கக் கடற்படை காவலுக்கு வந்தது. 1988 ஏப்ரல் 14-ல் 'சாமுவேல் பி. ராபர்ட்ஸ்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் ஒரு கண்ணி வெடியில் மோதியது. அந்தப் பழைய மாடல் கண்ணி வெடியின் விலை மிகச் சொற்பம். கப்பலைப் பழுது பார்க்க ஆன செலவு சுமார் 9 கோடி டாலர். நான்கு நாள் கழித்து அமெரிக்கா ஈரானின் கப்பல்களை அடித்து நொறுக்கியது. ஆனால் கப்பல்கள் நிம்மதியாகப் போனது ஆகஸ்டில் போர் நிறுத்தம் வந்த பிறகுதான். அதற்கு நடுவே ஜூலை 3 அன்று ஒரு அமெரிக்கப் போர்க்கப்பல் ஈரானின் பயணிகள் விமானத்தைப் போர் விமானம் என்று நினைத்துச் சுட்டு வீழ்த்தியது. 290 பேர் இறந்தார்கள்.

அது அவர்கள் கதை என்று நினைக்காதீர்கள். 2012 ஜூலை 16. துபாய் ஜெபல் அலி துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மீன்பிடிப் படகு போய்க்கொண்டிருந்தது. அமெரிக்கக் கடற்படையின் 'ராப்பஹன்னாக்' என்ற எண்ணெய்க் கப்பலிலிருந்து அந்தப் படகைச் சுட்டார்கள். வெடிகுண்டுப் படகோ என்ற பயம். ஒருவர் செத்தார், மூன்று பேர் காயம். அவர்கள் யார்? நம் பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்கள். கூலிக்கு மீன் பிடிக்கப் போனவர்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் கேரளக் கடலில் இத்தாலியக் கப்பலில் இருந்த காவல் வீரர்கள், கொள்ளையர் என்று நினைத்து இரண்டு மீனவர்களைச் சுட்டுக் கொன்றார்கள்.

மிரட்டி நிற்கிறவனும் பயத்தில்தான் நிற்கிறான், நண்பர்களே. பயந்தவன் கையில் பெரிய துப்பாக்கி இருந்தால் முதலில் சாவது எதிரி இல்லை. குறுக்கே வலை போட்டவன். நம் பாய்லர் பாடத்தில் சேஃப்டி வால்வு இல்லாமல் பிரஷரை ஏற்றக்கூடாது என்று படிக்கிறோம். படைபலம் பிரஷர். பேச்சுவார்த்தையும் ஒப்பந்தமும் சேஃப்டி வால்வு. எந்த அளவுக்குப் பிரஷர் ஏறுகிறதோ அந்த அளவுக்கு வால்வும் சரியாக இருக்க வேண்டும்.

நம் நீரிணையில் என்ன நடக்கிறது?

இப்போது வீட்டுக்கு வருவோம். 1974-ல் கச்சத்தீவு ஒப்பந்தம், 1976-ல் மன்னார் வளைகுடா, வங்காள விரிகுடா எல்லை ஒப்பந்தம். கடலில் கோடு விழுந்தது. கோட்டைப் போட்ட மேஜையில் மீனவன் உட்காரவில்லை. 2024-ஆம் ஆண்டில் மட்டும் இலங்கைக் கடற்படை நம் மீனவர் 500 பேருக்கு மேல் பிடித்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் நம் தருவைகுளத்துக்காரர் 22 பேரும் அதில் மாட்டினார்கள். அதே மாதத் தொடக்கத்தில் கச்சத்தீவு பக்கம் இலங்கை ரோந்துக் கப்பலும் ராமேஸ்வரம் படகும் மோதி ஒரு மீனவர் உயிரே போனது. படகைப் பிடுங்குகிறார்கள், அபராதம் போடுகிறார்கள், சிறையில் வைக்கிறார்கள். இருந்தும் மறுபடி படகு போகிறதே, ஏன்?

நான் சொன்ன மூன்றாவது விஷயத்தை நினைத்துப் பாருங்கள். வேறு வழி இல்லாதவனிடம் மிரட்டல் பலிக்காது. படகுக்கு வாங்கிய கடன், டீசல் காசு, இந்தப் பக்கம் குறைந்துபோன மீன், இதெல்லாம் கடற்படையைவிடப் பக்கத்தில் நிற்கிற பயம்.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்தக் கரையில் வலை போடுகிறவர்களும் தமிழர்கள்தான். போர்க் காலத்தில் பல ஆண்டுகள் கடலுக்கே போக முடியாமல் இருந்துவிட்டு, 2009-க்குப் பிறகு மெல்ல எழுந்தவர்கள். நம் இழுவைப் படகுகள் அடிமடியை வாரிக்கொண்டு போனால் அவர்கள் வலையும் போகிறது, மீன் குஞ்சும் போகிறது. 2017-ல் இலங்கை இழுவை மடியைச் சட்டம் போட்டே தடுத்துவிட்டது. 'நம்மவர்' என்று சொல்லும்போது இரண்டு கரையையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

இதற்குப் பலன் தந்த வழி எது? 2014-ல் சென்னையிலும் கொழும்பிலும் இரு நாட்டு மீனவர் பிரதிநிதிகளே உட்கார்ந்து பேசினார்கள். 2016-ல் கூட்டுப் பணிக்குழு அமைத்தார்கள். 2017-ல் இழுவைப் படகை விட்டுவிட்டு ஆழ்கடல் சூரை மீன் பிடிக்கப் போகிறவர்களுக்கு மானியத் திட்டம் வந்தது. எல்லாம் மெதுவாகத்தான் நடக்கிறது, போதவும் இல்லை. ஆனாலும் மிரட்டலால் தீராத ஒன்றை அணுகிய வழிகள் இவைதான்.

இரண்டு கப்பல் பயணங்களைச் சொல்லி இந்தப் பகுதியை முடிக்கிறேன். 1987 ஜூன் 3-ல் யாழ்ப்பாணத்துக்கு உணவும் மருந்தும் ஏற்றிக்கொண்டு ராமேஸ்வரத்திலிருந்து இந்தியா அனுப்பிய படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் நம் விமானங்கள் போய்ப் பொட்டலங்களைப் போட்டன. பலத்தைக் காட்டினோம். ஜூலையில் ஒப்பந்தம், அமைதிப்படை. 1990 மார்ச்சில் படை திரும்பியபோது சுமார் 1200 இந்திய வீரர்கள் உயிரோடு இல்லை. அங்கே செத்த பொதுமக்களுக்கும் கணக்குண்டு. நம்மைவிட எத்தனையோ மடங்கு சிறிய தீவு. எத்தனையோ மடங்கு பெரிய படை நம்முடையது. நினைத்தது நடக்கவில்லை.

2022-ல் இலங்கையில் பொருளாதாரம் சரிந்து, மருந்துக்கும் மாவுக்கும் வரிசை நின்றபோது, தமிழ்நாடு அரசு அரிசியும் பால் பவுடரும் மருந்தும் அனுப்பியது. அதில் ஒரு கப்பல் ஜூன் மாதம் நம் வ.உ.சி. துறைமுகத்திலிருந்தே புறப்பட்டது. மத்திய அரசு சுமார் 400 கோடி டாலர் அளவுக்குக் கை கொடுத்தது. அந்தக் கப்பலை யாரும் திருப்பி அனுப்பவில்லை. 2014-ல் கொழும்புத் துறைமுகத்தில் சீன நீர்மூழ்கி வந்து நின்றது. 2017-ல் அம்பாந்தோட்டை 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது. 2022 ஆகஸ்டில் 'யுவான் வாங் 5' அங்கே வந்தது. நமக்குக் கவலை வேண்டியதுதான். ஆனால் இந்தியாவுக்கு எதிராகத் தங்கள் மண்ணைப் பயன்படுத்த விடமாட்டோம் என்று இலங்கை ஜனாதிபதி 2024 டிசம்பரில் டெல்லியில் வந்து சொன்னார். நாம் பீரங்கியைத் திருப்பியதால் வந்த வார்த்தை இல்லை அது. பசித்த நேரத்தில் அரிசி போனதற்கும் அதில் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

'நல்ல பேச்சுத்தான், ஆனால் ஏமாந்தால்?' என்று நண்பர்கள் கேட்பார்கள். எங்கள் விடுதியிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்வி. பலம் இல்லாதவன் பேசப் போனால் மேஜையில் இடம் கிடைக்காது என்பது உண்மை. நம் கடற்படையும் கடலோரக் காவல் படையும் வலுவாக இருக்க வேண்டும். புயலில் மாட்டிய தோணியைத் தேடிப் போவதும் அவர்கள்தான், அப்பாவே சொல்லுவார். நான் சொல்வது இவ்வளவுதான்: பலம் ஒருவனைத் தடுத்து நிறுத்தும், ஆனால் அவனைக் கூட்டாளி ஆக்காது. வாசலைக் காக்கக் கூட்டாளியும் வேண்டும்.

கயிறு யார் கையில்?

தாத்தா சொன்ன ஒரு விஷயத்தோடு முடிக்கிறேன். முத்துக்கோ சங்குக்கோ மூழ்குகிறவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்குவான். மேலே படகில் ஒருவன் கயிற்றைப் பிடித்திருப்பான். கீழே மூச்சு முட்டிக் கயிற்றை அசைத்தால் மேலே உள்ளவன் உடனே இழுக்க வேண்டும். ஒரு நிமிடம் தாமதித்தால் உயிர் போய்விடும். அந்தக் கயிற்றை யார் கையில் கொடுப்பார்கள் தெரியுமா? பலசாலி கையில் இல்லை. மச்சான் கையில்! மூழ்குகிறவன் செத்தால் தன் தங்கச்சி தாலி போகும் என்று அவனுக்குத் தெரியும். 'இழுக்காவிட்டால் கொன்றுவிடுவேன்' என்று அவனை மிரட்ட வேண்டியதில்லை.

நம் கடலில் அப்படிப்பட்ட உறவுக் கயிறுகள் ஏற்கெனவே உண்டு. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு இரண்டு கரை மக்களும் ஒன்றாகக் கூடுகிறார்கள். 2011-ல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் பயணிகள் கப்பல் விட்டு, சில மாதத்திலேயே நின்றுபோனது நமக்கு நஷ்டம். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பல் தொடங்கியது நல்ல சேதி. ஒவ்வொரு தோணியும், ஒவ்வொரு டிக்கெட்டும், ஒவ்வொரு மூட்டை வெங்காயமும் அந்தக் கரையில் ஒரு மச்சானை உண்டாக்குகிறது. இந்த வழி மூடினால் தனக்கும் நஷ்டம் என்று நினைக்கிறவன் அந்தக் கரையில் எத்தனை பேர் இருக்கிறார்களோ, அத்தனை காவல் கப்பல் நமக்கு உண்டு.

நம்மில் சிலர் நாளை துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் போகிறோம். சிலர் கப்பலின் இயந்திர அறையில், சிலர் கடற்படையில். எங்கே போனாலும், மேடையில் கைதட்டு வாங்கும் வாக்கியத்தை ஒரு தடவை தண்ணீரில் பிழைக்கிறவனிடம் சொல்லிப் பாருங்கள். அவன் என்ன கேட்கிறான் என்று காது கொடுங்கள். எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்டவர் நாலாம் வகுப்புப் படித்தவர்.

இதை எழுதி முடித்து அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "இந்தத் தடவை பரிசு கெடைக்காதுல" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு